பல்லூடகப் படைப்புக்குக் குழு சேர்ப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகப் பல்லூடக வேலையில் இறங்கும் குழுக்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஐந்து பேர் சேர்ந்தால் மூன்று பேருக்குக் கேமரா மேல் ஆசை. ஒருவர் எடிட்டிங் தெரியும் என்பார். இன்னொருவர் டைரக்‌ஷன் தனக்குத்தான் என்பார். ஒலிப்பதிவை யார் பார்ப்பது, அனுமதி யார் வாங்குவது, எடுத்த ஃபைல்களை யார் பத்திரப்படுத்துவது, திரையில் வரும் தமிழை யார் பிழைதிருத்துவது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பாதியில் நின்றுபோகும் படைப்புகள் பெரும்பாலும் இந்தக் கேட்பாரற்ற வேலைகளால்தான் நிற்கின்றன. ஆள் குறைவாக இருப்பது பெரிய சிக்கல் இல்லை. ஒரே ஆள் மூன்று வேலை பார்க்கலாம். ஆனால் எந்த வேலைக்கும் பொறுப்பாளர் இல்லாமல் இருக்கக் கூடாது.

பொறுப்புகளின் பெயர்களை மட்டும் அடுக்கினால் மனதில் நிற்காது. அதனால் ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் நெய்யப்படும் கோரைப்பாய் பற்றி 8 நிமிட ஆவணப்படம் ஒன்று, படமும் எழுத்தும் கலந்த இணையப் பக்கம் ஒன்று, கண்காட்சியில் வைப்பதற்கு ஒரு தொடுதிரை. பொருள் ஒன்று, வடிவம் மூன்று. பல்லூடகம் என்றால் நடைமுறையில் இதுதான்.

முதல் படி: ஒரே தாளில் திட்டம்

கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். யார் பார்க்கப்போகிறார்கள்? எங்கே பார்ப்பார்கள்? பார்த்து முடித்ததும் அவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? கடைசி நாள் எது? கையில் எவ்வளவு பணம் இருக்கிறது? பள்ளிப் பிள்ளைகள் நின்றுகொண்டு தொட்டுப் பார்க்கப்போகும் திரைக்கும், வீட்டில் கைபேசியில் ஒருவர் பார்க்கப்போகும் படத்துக்கும் எழுத்தளவு முதல் பேச்சு வேகம் வரை எல்லாமே மாறும். இந்தத் தாளில் குழுவினர் எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது. நண்பர்கள்தானே, எதற்கு என்று தோன்றும். நண்பர்களுக்குள்தான் இது அதிகம் தேவைப்படும்.

இரண்டாம் படி: கடைசிச் சொல் யாருடையது?

அடுத்து ஒரு பட்டியல் போடுங்கள். முதல் கட்டத்தில் வேலை, இரண்டாவதில் அதைச் செய்பவர், மூன்றாவதில் ‘சரி, முடிந்தது’ என்று சொல்லும் உரிமை உள்ளவர். இந்த மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். படத்தின் நீளத்தை முடிவுசெய்வது இயக்குநரா, எடிட்டரா? இசை பிடிக்கவில்லை என்று யார் சொல்லலாம்? நெசவு பற்றிய தகவல் தவறு என்றால் யார் சொல்வதைக் கேட்பது? ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். ‘எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்போம்’ என்று எழுதினால் அந்த வேலை கடைசி வாரம் வரை முடியாது.

மூன்றாம் படி: பொறுப்புகளும் அவற்றுக்கான திறமைகளும்

ஒருங்கிணைப்பாளர். சினிமாவில் புரொடக்‌ஷன் மேனேஜர் என்பார்கள். என் கணிப்பில் குழுவிலேயே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டிய ஆள் இவர்தான். கேமரா தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாட்காட்டி, கணக்கு, போனில் பேசும் பொறுமை இந்த மூன்றும் வேண்டும். பத்தமடையையே எடுத்துக்கொள்ளுங்கள். கோரையைக் காயவைப்பது, கீறுவது, ஓடும் தண்ணீரில் ஊறப்போடுவது, சாயமேற்றுவது, பிறகு நெய்வது என்று வேலை பல நாட்களுக்குப் பரவிக் கிடக்கும். ஒரே நாள் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. எந்த வீட்டில் எந்தக் கட்டம் எப்போது நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது ஒருங்கிணைப்பாளரின் வேலை. பாய் நெய்பவர்களில் இஸ்லாமியப் பெண்கள் அதிகம். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை, நோன்பு மாதம் இதையெல்லாம் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். நெசவு செய்பவர் உங்கள் கேமராவுக்காக அரை நாள் நின்றால் அவருக்கு அரை நாள் கூலி போகிறது. அதை பட்ஜெட்டில் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள். வாடகை லென்ஸுக்குப் பணம் கொடுத்துவிட்டு, கைவினைஞருக்கு நன்றி மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமில்லை.

ஒப்புதல் படிவமும் இவர் பொறுப்பு. பேட்டி கொடுப்பவரிடம் அவருக்குப் புரியும் தமிழில், எங்கெல்லாம் இந்தப் படம் காட்டப்படும் என்று வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால், 2021 டிரோன் விதிகளின்படி அந்த இடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையத்தள வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டும்.

எழுத்தாளர். பல்லூடகத்துக்கு எழுதுவது கட்டுரை எழுதுவதைப் போல வராது. ஆவணப்படத்துக்குப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதையும் வலப்பக்கம் காதில் விழுவதையும் எழுதும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். திரையில் கோரையைக் கீறுவது தெரியும்போது குரலும் ‘இப்போது கோரையைக் கீறுகிறார்’ என்று சொன்னால் ஒன்று வீண். காட்சியில் தெரியாததை, அதாவது எவ்வளவு மெல்லியதாகக் கீறுகிறார்களோ அவ்வளவு நயமான பாய் வரும் என்பதைக் குரல் சொல்லட்டும். எழுதியதைக் கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். தொடுதிரைக்கு எழுதும்போது நிற்பவர் ஒரு திரையில் இரண்டு, மூன்று வாக்கியங்களுக்கு மேல் படிக்க மாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். எந்தத் திரையிலிருந்து எந்தத் திரைக்குப் போகலாம் என்பதைக் கட்டமும் கோடுமாக ஒரு பெரிய தாளில் வரைவதும் இவர் வேலையே.

துறை அறிந்தவர். நெசவிலேயே வாழ்க்கையைக் கழித்த ஒருவரும், அந்தத் தொழிலின் வரலாறு படித்த ஒருவரும் இருந்தால் நல்லது. இவர்கள் தினமும் வரத் தேவையில்லை. ஸ்கிரிப்ட் முடிந்ததும் ஒரு முறை, எடிட் செய்த முதல் வடிவத்தை ஒரு முறை பார்த்துச் சொன்னால் போதும். பழைய படங்கள், பத்திரிகைக் குறிப்புகள் தேடும் வேலையும் இங்கே வரும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கைத் தமிழர் சார்ந்த பொருள் என்றால் நூலகம் இணையத்தளம், பொதுப் பயன்பாட்டுப் படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் என்று தேடத் தொடங்கலாம்.

இயக்குநர். பார்வையாளர் எதை, எந்த வரிசையில், என்ன உணர்வோடு பார்க்க வேண்டும் என்று முடிவெடுப்பவர். கத்தத் தெரிய வேண்டியதில்லை, கேட்கத் தெரிய வேண்டும். பேட்டியில் நல்ல பதில் பெரும்பாலும் கேள்வி முடிந்து கொஞ்சம் மௌனம் விட்ட பிறகுதான் வரும். அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல் அடுத்த கேள்விக்குத் தாவுபவர் இன்னும் பழக வேண்டும்.

கேமராமேன். இங்கே மட்டும் ஆர்வத்துக்குக் குறைவே இருக்காது என்பதால், பலர் கவனிக்காத இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட், மலிவான எல்இடி விளக்குகளின் கீழே நொடிக்கு 30 ஃபிரேம் (அதாவது 30 தனிப் படங்கள்) வைத்து எடுத்தால் படம் சிமிட்டும் வாய்ப்பு உண்டு. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் அந்தத் தொல்லை அநேகமாகத் தீரும். இரண்டாவது, கைபேசிகள் பல நேரம் ஃபிரேம் வேகத்தை நிலையாக வைக்காமல் கூட்டிக் குறைத்து எடுக்கும். நீளமான பேட்டியில் தனியாகப் பதிந்த ஒலியும் உதட்டசைவும் மெல்ல விலகிப்போவது இதனால்தான். வேகத்தை நிலையாக வைக்கும் கேமரா ஆப்பைப் பயன்படுத்துங்கள், அல்லது எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒளியமைப்பு, ஃபோட்டோ எடுப்பது இரண்டையும் இவரே பார்த்துக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவாளர். இந்தப் பொறுப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டும். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்காவிட்டால் அரை நிமிடத்தில் மூடிவிடுவார். எனவே கேமராவையும் மைக்கையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். கண் ஃபிரேமில் இருக்கும்போது காது வேலை செய்யாது.

ஒலிப்பதிவாளர் ஹெட்போன் இல்லாமல் ஒரு நிமிடம்கூடப் பதியக் கூடாது. இடத்துக்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்: மின்விசிறி, ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு டிவி, தெருவில் போகும் ஆட்டோ. நிறுத்த முடிவதை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் காரின் அல்லது பைக்கின் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். திரும்பப் போடாமல் ஊருக்குக் கிளம்ப முடியாது. சட்டையில் குத்தும் சின்ன மைக் சேலைத் தலைப்பிலும் நகையிலும் உரசும், அதனால் பொருத்தியதும் பேசுபவரைத் திரும்பச் சொல்லி, கையசைக்கச் சொல்லிக் கேளுங்கள். மைக்கை உடையில் பொருத்தும்போது பெண்களுக்குப் பெண் ஒருவர் உதவுவதுதான் முறை. அளவுமானியில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது வீடியோவுக்கு வழக்கமான அமைப்பு.

பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி 30 நொடி அந்த அறையின் வெறும் அமைதியைப் பதியுங்கள். எடிட்டர் பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் இதைப் போட்டு நிரப்புவார். அப்புறம் இடத்தின் ஒலிகள்: கோரையைக் கத்தி கீறும் சத்தம், தறியில் அடிக்கும் சத்தம், ஆற்றுத் தண்ணீர், தூரத்தில் பாங்கு. இவற்றைப் படம் எடுக்காத நேரத்தில் தனியாக, மைக்கை நெருக்கமாக வைத்துப் பதிந்து வந்தால் உங்கள் படத்துக்கு இசையே கொஞ்சமாகத்தான் தேவைப்படும்.

ஃபைல் பொறுப்பாளர். இந்தப் பெயரில் ஒரு பொறுப்பு உண்டா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 45 ஜிபி சேரும். இரண்டு கேமரா, மூன்று நாள் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். விதி எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். நகலெடுத்த ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்க வேண்டும், அதையும் இவர் ஒருவர்தான் செய்ய வேண்டும். ஃபைல் பெயரில் ஆண்டு, மாதம், நாள், கேமரா எண், இடம் என ஒரே ஒழுங்கு இருக்கட்டும். ஃபைல் பெயருக்கு மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் சில மென்பொருள்கள் தடுமாறும்.

எடிட்டர். மென்பொருள் இரண்டாவது விஷயம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே ஆவணப்படத்துக்கு ஏராளம். முக்கியமான திறமை, எதை விடுவது என்று தெரிவது. முதலில் பேட்டிகளை நேரக்குறிப்போடு எழுத்தாக்கி, தாளிலேயே வெட்டி வரிசைப்படுத்துங்கள். பிறகு முதல் வடிவம், திருத்திய வடிவம், அதன் பின் ‘இனிப் படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறாது’ என்ற பூட்டு. இந்தப் பூட்டு விழுந்த பிறகுதான் ஒலிக்கலவை, நிறத்திருத்தம், சப்டைட்டில் மூன்றும் தொடங்க வேண்டும். பூட்டுக்குப் பிறகு இயக்குநர் ‘இந்த ஷாட் மட்டும்’ என்று வந்தால் ஒருங்கிணைப்பாளர் குறுக்கே நிற்க வேண்டும்.

வடிவமைப்பாளர். நிறம், எழுத்துரு, இடைவெளி பற்றிய அறிவு எந்த மொழிக்கும் பொது. தமிழுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பயிற்சி வேண்டும். யூனிகோடில் தட்டிய உரையை ஃபோட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றில் ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதியை அந்த மென்பொருளின் அமைப்புகளில் இயக்கிவிட்டால் சரியாகும். அது தெரியாமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்குத் தாவிவிடுகிறார்கள். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதே உரையை இணையப் பக்கத்துக்கு எடுக்கும்போது புரியாத குறிகளாக வந்து நிற்கும். மூன்று வடிவங்களுக்கும் ஒரே உரை போக வேண்டிய வேலையில் தொடக்கம் முதலே யூனிகோடு மட்டும்தான். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் இலவசமாக, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை நெறி. அதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு.

அனிமேட்டர். கோரையின் உள்ளே சோறு போன்ற பகுதி எப்படி நீக்கப்படுகிறது, பாவும் ஊடும் எப்படிப் பின்னுகின்றன போன்றவற்றைக் கேமராவைவிட வரைபடம் தெளிவாகக் காட்டும். ஆனால் கேட்பதற்கு முன் கணக்குப் பாருங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 1500. ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 750 படங்கள். ‘ஒரு நிமிட அனிமேஷன்தானே’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள். 20 நொடி போதுமா என்று எழுத்தாளரோடு உட்கார்ந்து பாருங்கள். இரு பரிமாணம், முப்பரிமாணம் இரண்டையும் பிளெண்டர் மென்பொருளில் இலவசமாகச் செய்யலாம்.

நிரலாளர். இணையப் பக்கத்தையும் தொடுதிரையையும் கட்டுபவர். ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் திடமாகத் தெரிந்தால் இரண்டையும் ஒரே அடித்தளத்தில் கட்டலாம். கண்காட்சி அரங்கில் இணையம் இருக்காது என்று வைத்துக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். படம், ஒலி எல்லாம் அந்தக் கணினியிலேயே இருக்க வேண்டும். யாரும் தொடாமல் ஒரு நிமிடம் போனால் தானாக முதல் திரைக்குத் திரும்ப வேண்டும். மின்சாரம் போய் வந்தால் யாரும் வந்து எதையும் அழுத்தாமல் அதுவே இயங்கத் தொடங்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் மட்டும் திறக்கும் ஃபைல் வடிவத்தை நம்பாதீர்கள். அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 31 டிசம்பர் 2020-உடன் முடிந்தபோது, அதில் செய்யப்பட்ட எண்ணற்ற கல்விப் படைப்புகள் உலகம் முழுவதும் உலாவிகளில் திறக்காமல் போயின. உழைத்துச் செய்தது பத்து வருடம் கழித்தும் திறக்க வேண்டும்.

மொழி பார்ப்பவர். எழுதியவரே பிழைதிருத்தக் கூடாது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. சப்டைட்டில், திரை எழுத்து, பெயர்கள், பட விளக்கம் எல்லாம் இவர் கையைக் கடந்துதான் போக வேண்டும். பேட்டியில் வரும் நெல்லைப் பேச்சை ‘நல்ல தமிழுக்கு’ மாற்றிவிட வேண்டாம் என்று இவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒருவர் ‘வாரேன், போறேன்’ என்று பேசியதை சப்டைட்டில் ‘வருகிறேன், செல்கிறேன்’ என்று காட்டினால் அவருடைய குரலைப் பறித்ததாகும். சப்டைட்டில் ஃபைலை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்துகள் உடைந்து வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இசையும் உரிமையும். யூடியூபில் கிடைத்த சினிமாப் பாட்டைப் போடலாமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கூடாது. இந்தியாவில் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டின் வரிகளும் இசையமைப்பும் அவற்றைப் படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரையும், அதன் ஒலிப்பதிவு வெளியாகி 60 ஆண்டுகள் வரையும் பாதுகாப்பில் இருக்கும். தெரிந்த இசைக்கலைஞரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் பதியுங்கள், அல்லது படைத்தவரே பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளதை அதன் நிபந்தனையைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எந்தப் படம், எந்த இசை, எங்கிருந்து, எந்த உரிமத்தில் என்று ஓர் அட்டவணை முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

நான்காம் படி: இருக்கும் ஆட்களுக்குப் பிரிப்பது

பத்துப் பன்னிரண்டு பேர் எல்லோருக்கும் அமையாது. ஐந்து பேர் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். ஒருவர் ஒருங்கிணைப்பும் உரிமை விஷயங்களும். ஒருவர் எழுத்தும் இயக்கமும். ஒருவர் கேமரா, ஒளி, ஃபோட்டோ. படப்பிடிப்பு முடிந்ததும் இவரே வடிவமைப்புக்கு வரலாம். ஒருவர் ஒலிப்பதிவும் ஃபைல் பொறுப்பும், பிறகு எடிட்டும். தன் காதால் கேட்டுப் பதிந்தவர் எடிட் செய்தால் ஒலி தப்பிக்கும். ஐந்தாமவர் நிரலும் அனிமேஷனும். மொழி பார்ப்பவரையும் துறை அறிந்தவரையும் வெளியிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

மூன்று பேர்தான் என்றால் தொடுதிரையை விட்டுவிடுங்கள். ஆவணப்படமும் எளிய இணையப் பக்கமும் போதும். ஆளுக்கேற்ப வேலையைச் சுருக்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எப்படிப் பிரித்தாலும் இந்த ஜோடிகளைச் சேர்க்காதீர்கள்: கேமராவும் ஒலியும், எழுத்தும் பிழைதிருத்தமும், இயக்கமும் ஒருங்கிணைப்பும். கடைசியாகச் சொன்னதில் ஒருவர் இன்னும் ஒரு நாள் வேண்டும் என்பார், மற்றவர் நாளும் பணமும் இல்லை என்பார். அந்த வாக்குவாதம் இரண்டு பேருக்கு இடையில் நடந்தால்தான் படைப்புக்கு நல்லது.

ஐந்தாம் படி: பெரிய வேலைக்கு முன் சின்னப் பயிற்சி

குழு சேர்ந்தவுடன் ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். பக்கத்துப் பூக்கடையில் ஒருவர் பூக்கட்டுவதை ஒரு நிமிடப் படமாக எடுங்கள். பின்னணிக் குரல் கூடாது, இசை கூடாது, பத்து ஷாட்டுக்கு மேல் கூடாது. அதே பொருளில் படமே இல்லாமல் இரண்டு நிமிட ஒலித்துண்டு ஒன்றும் செய்யுங்கள். அடுத்த முறை பொறுப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஹெட்போன் மாட்டி நின்ற கேமராமேன் அதன் பிறகு ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று ஒலிப்பதிவாளரை அவசரப்படுத்த மாட்டார்.

முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்குச் சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பு உண்டு. வடிவமைப்பில் ஆழமாகப் போக அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம். ஆனால் இந்த வேலையில் சேர்வதற்குப் பட்டம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செய்து முடித்த இரண்டு சின்னப் படைப்புகளைக் காட்டுங்கள்.

ஆறாம் படி: சோதித்துப் பார்ப்பது

தொடுதிரை முடிந்ததும் அதைப் பற்றி எதுவும் தெரியாத மூன்று நான்கு பேரைக் கூப்பிடுங்கள். ஒரு பள்ளி மாணவி, ஒரு பெரியவர், கணினி அதிகம் பழகாத ஒருவர் என்று கலந்து இருக்கட்டும். ‘இதில் சாயமேற்றுவது பற்றிக் கண்டுபிடியுங்கள்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். உதவி செய்யாதீர்கள், விளக்கமும் சொல்லாதீர்கள். எங்கே விரல் தயங்குகிறது, எதைப் பொத்தான் என்று நினைத்துத் தொடுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர் தட்டுத் தடுமாறினால் தவறு திரையில்தான் இருக்கிறது. படத்தையும் இப்படியே மலிவான கைபேசி ஸ்பீக்கரில், ஒலியைக் குறைத்து, ஒருமுறை சத்தமே இல்லாமல் சப்டைட்டிலோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: ஒப்படைப்பது

வெளியிட்ட அன்றோடு வேலை முடிந்துவிடாது. இறுதிப் படம், எழுத்தும் இசையும் கலக்காத படம், பேட்டிகளின் முழு எழுத்துவடிவம், ஒப்புதல் படிவங்கள், உரிமை அட்டவணை, எழுத்துருக்கள், நிரல் எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்கில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பும் வையுங்கள். பெயர்ப் பட்டியலில் பேட்டி கொடுத்தவர்கள், பாய் நெய்து காட்டியவர்கள் பெயர்கள் அவர்களே சொன்ன எழுத்துக்கூட்டலில் வர வேண்டும். அதைப் போன் செய்து உறுதிப்படுத்துவது மொழி பார்ப்பவர் வேலை. படத்தின் ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு, பத்தமடைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவை முதல் நாளே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். கடைசியில் பணம் மிஞ்சினால் போகலாம் என்று வைத்தால் அந்தப் பயணம் நடக்காது.